முதல் குறுந்தூர டிரையத்லானுக்கு எவ்வளவு நேரம் பயிற்சி செய்ய வேண்டும்?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் டிரையத்லான் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது, 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம் என்று நாள் முழுவதும் நீளும் அயர்ன்மேன் போட்டிதான். அதற்குத் தயாராகிறவர்கள் வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், வேலையும் குடும்பப் பொறுப்பும் உள்ள ஒருவர் இது நமக்கு ஒத்துவராது என்று ஒதுங்கிவிடுவது இயல்பே. ஆனால் இந்த விளையாட்டு அவ்வளவு நீளமானதாகப் பிறக்கவில்லை. அந்தப் பெயரில் நடந்த முதல் போட்டி, 1974 செப்டம்பர் 25 அன்று, ஒரு புதன்கிழமை மாலையில், அமெரிக்காவின் சான் டியேகோ நகரிலுள்ள மிஷன் பே என்ற உப்பங்கழிக் கரையில் நடந்தது. அவ்வூர் ஓட்டக்காரர் சங்கத்தைச் சேர்ந்த ஜாக் ஜான்ஸ்டோன், டான் ஷனஹன் ஆகிய இருவரும் அதற்கு ஏற்பாடு செய்தார்கள். அன்று ஓட வேண்டியிருந்தது ஏறத்தாழ 10 கிலோமீட்டர். சைக்கிள் 8 கிலோமீட்டர். நீச்சல் அரைக் கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. வார நாளில், மாலை வேளையில் வந்து செய்துவிட்டுப் போகக்கூடிய அளவில்தான் டிரையத்லான் தொடங்கியது.

அந்தக் குறுகிய மரபின் இன்றைய வடிவம் ஸ்பிரிண்ட் டிரையத்லான். 750 மீட்டர் நீந்தி, 20 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, 5 கிலோமீட்டர் ஓட வேண்டும். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு சேர்க்கப்பட்டபோது வைக்கப்பட்ட 1.5, 40, 10 கிலோமீட்டர் தூரங்களில் இது சரிபாதி. இதைவிடச் சிறியதாக, 400 மீட்டர் நீச்சல், 10 கிலோமீட்டர் சைக்கிள், 2.5 கிலோமீட்டர் ஓட்டம் என்ற சூப்பர் ஸ்பிரிண்ட் வகையும் உண்டு. இடவசதிக்கேற்ப ஏற்பாட்டாளர்கள் தூரத்தைச் சற்றுக் கூட்டுவதும் குறைப்பதும் வழக்கம் என்பதால், பதிவு செய்யும்போதே தூரங்களைப் பார்த்துக்கொள்வது நல்லது. கீழே சொல்லப்படுவதெல்லாம் ஸ்பிரிண்ட் தூரத்தை முதன்முறையாக முடிக்க விரும்பும் ஒருவரை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. அவர் பரிசுக்காகப் போகவில்லை. நடுவில் நின்றுவிடாமல், உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் முடிவுக் கோட்டைத் தொட வேண்டும் என்று போகிறவர்.

முதலில் போட்டியின் நேரக் கணக்கு

எவ்வளவு நேரம் பயிற்சி செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு விடை தேடும் முன், போட்டியன்று எவ்வளவு நேரம் உழைக்கப் போகிறோம் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். புதிதாக நீச்சல் பழகி வருபவருக்கு 100 மீட்டருக்கு 3 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 750 மீட்டருக்கு ஏறத்தாழ இருபத்திரண்டரை நிமிடம் ஆகும். மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஓட்டினால் 20 கிலோமீட்டரைக் கடக்க 55 நிமிடம். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்ற மிதமான ஓட்டத்தில் 5 கிலோமீட்டருக்கு 35 நிமிடம். நீரிலிருந்து வந்து சைக்கிளை எடுப்பதற்கும், சைக்கிளை வைத்துவிட்டு ஓடப் புறப்படுவதற்கும் சேர்த்து ஐந்தாறு நிமிடம். எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரம். உலகத் தரத்திலான வீரர்கள் இதே தூரத்தை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கை நாம் தொட வேண்டியதில்லை.

இந்த எளிய கூட்டலிலேயே இரண்டு செய்திகள் இருக்கின்றன. மொத்த நேரத்தில் ஏறக்குறைய பாதியைச் சைக்கிள் எடுத்துக்கொள்கிறது. நீச்சலுக்கு ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் முதல்முறை வருபவர்களைப் போட்டிக்கே வரவிடாமல் தடுப்பது நீச்சல் பற்றிய அச்சம்; பயிற்சியை நடுவில் கைவிட வைப்பது ஓட்டத்தால் வரும் கால் வலி. ஆகவே, போட்டியில் எடுக்கும் நேரத்தின் விகிதத்திலேயே பயிற்சி நேரத்தையும் பிரித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் சரிவராது. மூன்று பங்காகச் சமமாகப் பிரிப்பதும் சரிவராது. மூன்று விளையாட்டுகளும் நம்மிடம் கேட்கும் நேரம் வெவ்வேறு வகையானது. நீச்சலை அடிக்கடி செய்ய வேண்டும். சைக்கிளை நீண்ட நேரம் ஓட்ட வேண்டும். ஓட்டத்தை மட்டும் அவசரப்படாமல் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். பயிற்சி நேரத்தைப் பற்றி ஒரு தொடக்கநிலையாளர் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் இதையே நான் முதன்மையானதாகக் கருதுகிறேன்.

எத்தனை வாரம்?

அரை மணி நேரம் வேகமாக நடக்க முடிகிற, சைக்கிள் ஓட்டத் தெரிந்த, நீச்சல்குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒருவாறு நீந்திவிடுகிற ஒருவருக்குப் பன்னிரண்டு வாரம் போதும். ஏற்கெனவே வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறவரோ தொடர்ந்து சைக்கிள் ஓட்டுகிறவரோ எட்டு வாரத்தில் தயாராகிவிடலாம். நீச்சலே தெரியாதவர் இந்தப் பன்னிரண்டு வாரக் கணக்கைத் தொடங்கும் முன்பு, நீச்சல் கற்றுக்கொள்வதற்கென்றே இரண்டு மூன்று மாதம் ஒதுக்க வேண்டும். நீச்சல் கற்பதையும் போட்டிக்குப் பயிற்சி செய்வதையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம் என்று கிளம்பினால் இரண்டும் அரைகுறையாக நின்றுவிடும். நாற்பது வயதைக் கடந்தவர்கள், இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்கள், குடும்பத்தில் யாருக்கேனும் இளம் வயதில் இதய நோய் வந்திருப்பவர்கள் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்து, இன்ன பயிற்சி செய்யப் போகிறேன் என்று சொல்லி ஒப்புதல் பெறுவதைத் தவிர்க்கவே கூடாது.

ஏன் பன்னிரண்டு வாரம்? உடம்பின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை என்பதே காரணம். தொடர்ந்து பயிற்சி செய்யத் தொடங்கிய ஓரிரு வாரங்களிலேயே இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவின் அளவு கூடுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் சற்று அதிக இரத்தத்தை அனுப்புகிறது. முன்பு மூச்சு வாங்கிய மாடிப்படி இப்போது எளிதாகிவிடுகிறது. அடுத்த சில வாரங்களில் தசைகளுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்டிரியாக்கள் பெருகுகின்றன. தசையைச் சுற்றியுள்ள இரத்த நுண்குழாய்களும் அதிகரிக்கின்றன. ஆனால் தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களும் எலும்பும் உறுதிப்பட மாதக்கணக்காகும். நான்காம் ஐந்தாம் வாரத்தில் மூச்சு சீராகிவிட்டது, கால் பறக்கிறது, இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓடலாம் போலிருக்கிறது என்று உற்சாகம் வருமே, அந்த நேரத்தில்தான் குதிகாலுக்கு மேலே உள்ள நாணும் முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னெலும்பும் வலிக்கத் தொடங்குகின்றன. இதயமும் நுரையீரலும் தயாராகிவிட்டன, கால் இன்னும் தயாராகவில்லை. இந்த இடைவெளியைக் கடப்பதற்காகத்தான் திட்டத்தை வாரக்கணக்கில் நீட்டுகிறோம். எட்டு வாரத்துக்குரியதை நான்கு வாரத்தில் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்ட முடியாததும் இதனால்தான்.

நீச்சல்: வாரத்தில் மூன்று முறை, முக்கால் மணிக்கு மேல் வேண்டாம்

தொடக்கநிலையாளரின் நீச்சலில் பலத்தைவிட நுணுக்கமே மேலோங்கி நிற்கிறது. காற்றைவிட நீர் பல நூறு மடங்கு அடர்த்தியானது. ஆகவே உடலின் நிலை சற்றுப் பிசகினாலும் நீரின் தடை பெருமளவு கூடிவிடும். நுரையீரல் மிதக்கும், கால் தாழும் என்பதுதான் மனித உடலின் இயல்பு. தலையைத் தூக்கினால் கால் இன்னும் தாழ்ந்து, நீரைத் தள்ளிக்கொண்டு போகும் கட்டையாக உடல் மாறிவிடுகிறது. ஊர்க் கிணற்றிலும் ஆற்றிலும் நீச்சல் பழகிய நம்மில் பலர் தலையை நீருக்கு மேல் வைத்தே நீந்துகிறவர்கள். நீரச்சம் இல்லாத அவர்களுக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது என்றே சொல்லலாம்; ஆயினும் அந்த முறையில் 750 மீட்டர் போனால், சைக்கிளில் ஏறும் முன்பே கழுத்தும் தோளும் ஓய்ந்துவிடும். முகத்தை நீருக்குள் வைத்து, பக்கவாட்டில் திரும்பி மூச்செடுக்கும் ஃபிரீஸ்டைல் முறையைப் பழகுவதற்கே முதல் மாதம் போக வேண்டும்.

நுணுக்கத்தைக் கற்பது மூளையும் நரம்பும் செய்யும் வேலை. அத்தகைய கற்றலுக்கு வாரத்தில் ஒரே நாள் இரண்டு மணி நேரம் நீந்துவதைவிட, மூன்று நாள் முப்பது முதல் நாற்பது நிமிடம் நீந்துவது பயன் தரும். களைத்த பிறகு கை வீச்சின் வடிவம் கெட்டுவிடுகிறது. கெட்ட வடிவத்தில் நீந்தும் ஒவ்வொரு நிமிடமும் தவறான பழக்கத்தையே உறுதிப்படுத்துகிறது. ஆகவே முக்கால் மணி நேரத்துக்கு மேல் குளத்தில் இருப்பதில் முதல் போட்டிக்குத் தயாராகிறவருக்கு ஆதாயம் அதிகமில்லை.

25 மீட்டர் குளத்தில் ஒரு நாற்பது நிமிடப் பயிற்சி எப்படி இருக்கும் என்று பார்ப்போம். முதல் எட்டு நிமிடம் உடம்பைச் சூடாக்கும் மெதுவான நீச்சல். ஒவ்வொரு 25 மீட்டருக்கும் பிறகு சுவரைப் பிடித்து மூச்சு சமநிலைக்கு வரும்வரை நிற்கலாம். அடுத்த பத்து நிமிடம் மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். முகம் நீருக்குள் இருக்கும்போது மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் தொடர்ந்து குமிழி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முகம் திரும்பும் அந்தக் கணத்தில் உள்ளிழுத்தல் மட்டுமே நடக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் நீருக்குள் மூச்சை அடக்கி வைக்கிறார்கள்; அதனால் உடலில் கரியமில வாயு கூடி, நெஞ்சு அடைப்பது போன்ற தவிப்பு உண்டாகிறது. அதைக் காற்றுப் போதவில்லை என்று எண்ணி வேகமாகக் கைகளை அடிக்கிறார்கள். தவிப்பு இன்னும் கூடுகிறது. உள்ளே இருப்பதை வெளியேற்றப் பழகிய பிறகு, அதே மனிதர் அதே வாரத்தில் இரு மடங்கு தூரம் போவதைக் குளக்கரையில் நின்று பார்க்கலாம். மிச்சமிருக்கும் இருபத்திரண்டு நிமிடத்தில், 50 மீட்டர் நீந்தி இருபது முப்பது விநாடி ஓய்வு என்று ஆறு முதல் எட்டு முறை செய்து, கடைசி நிமிடங்களில் மெதுவாக நீந்தி முடிக்கலாம். வாரங்கள் செல்லச் செல்ல 50 மீட்டர் 100 ஆகும், 100 மீட்டர் 200 ஆகும், இடையிலுள்ள ஓய்வு குறையும். பத்தாம் வாரத்துக்குள் 25 மீட்டர் குளத்தில் நிற்காமல் முப்பது நீளம் போக முடிந்தால், அதுதான் 750 மீட்டர்.

போட்டி கடலிலோ ஏரியிலோ நடக்குமானால், கடைசி நான்கு வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது திறந்த நீரில் நீந்திப் பழக வேண்டும். இதைத் தனியாகச் செய்யவே கூடாது. பயிற்றுநரோ பழகிய நீச்சல்காரர்களோ உடன் இல்லாமலும், உயிர்காப்பு மிதவை இல்லாமலும் கடலில் இறங்குவதை எந்தப் பயிற்சித் திட்டமும் நியாயப்படுத்தாது. நீச்சல்குளத்தின் அடித்தரையில் இருப்பதுபோல் வழிகாட்டும் கோடு அங்கே தெரியாது. ஆறு எட்டு கை வீச்சுக்கு ஒருமுறை கண் மட்டும் மேலே வரும்படி தலையை லேசாக உயர்த்தி, பாதையைக் காட்டும் மிதவையைப் பார்த்துத் திசையைச் சரிசெய்ய வேண்டும். உலக டிரையத்லான் அமைப்பின் விதிப்படி எந்த முறையிலும் நீந்தலாம். களைத்தால் மிதவையையோ பாதுகாப்புப் படகையோ பிடித்துக்கொண்டு, முன்னேறாமல் ஓய்வெடுக்கவும் செய்யலாம். இதைத் தெரிந்துகொண்டு நீரில் இறங்குகிறவருக்குப் பாதி அச்சம் குறைந்துவிடும்.

சைக்கிள்: வாரத்தில் ஒரு நீண்ட நாள்

சைக்கிளில் உடல் எடையைச் சேணமும் கைப்பிடியும் தாங்கிக்கொள்கின்றன. பாதம் தரையில் மோதுவதில்லை. ஆகவே மூட்டுகளுக்குத் தீங்கில்லாமல் இதயத்துக்கும் தசைக்கும் நீண்ட நேர வேலை கொடுக்க இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. பயிற்சி நேரத்தைக் கூட்ட வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் அதைச் சைக்கிளில் கூட்டுவதே பாதுகாப்பானது. வார நடுவில் ஒருமுறை 30 முதல் 45 நிமிடம், வார இறுதியில் ஒருமுறை 45 நிமிடத்தில் தொடங்கிப் படிப்படியாக 90 நிமிடம் என்று இரண்டு முறை போதும். போட்டியில் ஒரு மணி நேரம்தான் ஓட்டப் போகிறோம் என்றாலும், பயிற்சியில் ஒன்றரை மணி நேரம் ஓட்டிப் பழகியவர் இறங்கும்போது காலில் ஓடுவதற்கு வலு மிச்சமிருக்கும்.

இதற்கென்று விலையுயர்ந்த சைக்கிள் தேவையில்லை. பிரேக் நன்றாகப் பிடிக்கிற, சக்கரம் நேராகச் சுழல்கிற எந்தச் சைக்கிளையும் பெரும்பாலான தொடக்கநிலைப் போட்டிகளில் அனுமதிப்பார்கள். சேணத்தின் உயரத்தைச் சரிசெய்வதுதான் முழங்காலுக்கு நாம் செய்யும் பெரிய உதவி: சேணத்தில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் ஏறக்குறைய நேராக நீள வேண்டும். கனமான கியரில் அழுத்தி அழுத்தி மிதிப்பதை விட்டு, நிமிடத்துக்கு 80 சுற்றுக்குக் குறையாமல் இலகுவாக மிதிக்கப் பழகினால் தொடைத் தசை ஓட்டத்துக்கு மிஞ்சும். தலைக்கவசம் எல்லாப் போட்டிகளிலும் கட்டாயம். அதன் வாரைப் பூட்டாமல் சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுத்தால் அபராதம் உண்டு. பயிற்சியிலும் அதே வரிசையைப் பழகிக்கொள்ளலாம்.

ஓட்டம்: குறைவாக, ஆனால் விடாமல்

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான விசை காலில் இறங்குகிறது. ஆகவே வாரத்துக்கு இரண்டு முறை, பழகியவர் மூன்று முறை ஓடினால் போதும். ஒவ்வொன்றும் 20 நிமிடத்தில் தொடங்கி 40 நிமிடத்துக்குள் நிற்க வேண்டும். இதுவரை ஓடியே பழகாதவர் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிச் செய்து, ஓட்டத்தின் பங்கை வாரத்துக்கு வாரம் கூட்டலாம். பன்னிரண்டாம் வாரத்திலும் இடையிடையே நடக்க வேண்டியிருந்தால் அதில் குறையொன்றும் இல்லை. போட்டியிலும் நடப்பதற்குத் தடை இல்லை.

வேகம் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது பேச்சுச் சோதனைதான். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிந்தால் அதுதான் சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு அறுந்தால், வேகத்தைக் குறைக்க வேண்டும். பயிற்சி நேரத்தில் பெரும்பகுதி, ஐந்தில் நான்கு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம், இந்தப் பேசக்கூடிய வேகத்திலேயே போக வேண்டும். தினமும் மூச்சிரைக்கப் பயிற்சி செய்கிறவர், வேகமாக ஓட வேண்டிய நாளில் வேகமாக ஓட முடியாமலும், ஓய்வெடுக்க வேண்டிய நாளில் ஓய்வு கிடைக்காமலும் நடுவில் தேங்கிவிடுகிறார்.

மூன்றையும் இணைக்கும் பத்து நிமிடம்

தனித்தனியாக மூன்றையும் செய்யத் தெரிந்தவர்கூட முதல்முறை சைக்கிளிலிருந்து இறங்கி ஓடும்போது திகைத்துப்போகிறார். ஒரு மணி நேரம் வட்டமாகச் சுழன்ற கால், முன்னால் எட்டி வைக்க மறுக்கிறது. தொடை மரத்துப்போய்த் தரை எங்கே இருக்கிறது என்று தடுமாறுவது போலிருக்கும்; இடுப்பின் முன்பகுதி இறுகியிருப்பதால் அடி குறுகிவிடும். வேகமோ ஏமாற்றும்: சைக்கிளின் வேகத்துக்குக் கண் பழகிவிட்டதால், ஓட்டம் ஊர்ந்து போவதாகத் தோன்றும், அதனால் தன்னையறியாமல் வேகமெடுத்து, முதல் கிலோமீட்டரிலேயே மூச்சைத் தொலைத்துவிடுவார்கள். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் கால் தன் இயல்புக்குத் திரும்பிவிடும் என்பதை அனுபவித்துத் தெரிந்துகொண்டவருக்கு இந்தத் தடுமாற்றம் ஒரு பொருட்டில்லை.

அந்த அனுபவத்துக்காகவே, சைக்கிளிலிருந்து இறங்கியவுடன் ஓடும் பயிற்சி ஒன்று வைத்திருக்கிறார்கள். பயிற்சியாளர்கள் இதை பிரிக் என்பார்கள். ஆறாம் வாரத்திலிருந்து வார இறுதி நீண்ட சைக்கிள் ஓட்டத்துக்குப் பின் ஷூவை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் மெதுவாக ஓடினால் போதும். கடைசியில் பதினைந்து நிமிடம்வரை கூட்டலாம். சைக்கிள் ஓட்டத்தின் கடைசி இரண்டு மூன்று நிமிடம் கியரை இலகுவாக்கிக் காலைத் தளர்த்துவதையும், இறங்கியதும் குட்டை அடியாக வைத்துத் தொடங்குவதையும் அப்போதே பழகிவிடலாம். நீளமான பிரிக் பயிற்சியைத் தொடக்கநிலையாளர் செய்யத் தேவையில்லை. அதனால் மிஞ்சுவது களைப்புதான்.

வாரத்துக்கு மூன்று மணியிலிருந்து ஐந்தரை மணி வரை

இப்போது எல்லாவற்றையும் ஒரு வாரத்துக்குள் வைத்துப் பார்க்கலாம். முதல் வாரத்தில் நீச்சல் இருமுறை முப்பது நிமிடம், சைக்கிள் ஒருமுறை 30, மற்றொருமுறை 45 நிமிடம், ஓட்டம் ஒருமுறை 20, மற்றொருமுறை 25 நிமிடம். ஆக மூன்று மணி நேரம். ஆறாம் வாரத்தில் நீச்சல் மூன்றுமுறையாகி 110 நிமிடம், சைக்கிள் 45-உம் 70-உம், ஓட்டம் 30-உம் 35-உம், அதோடு பிரிக் பத்து நிமிடம். ஆக ஐந்து மணி நேரம். ஒன்பது, பத்தாம் வாரங்களில் நீச்சல் இரண்டு மணி, சைக்கிள் இரண்டே கால் மணி, ஓட்டம் பிரிக்கையும் சேர்த்து ஒன்றரை மணிக்குச் சற்றுக் குறைவு என்று மொத்தம் ஐந்தரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும். அதற்கு மேல் முதல் ஸ்பிரிண்ட் போட்டிக்குத் தேவையில்லை.

இந்த ஏற்றம் ஒரே நேர்கோட்டில் போகக் கூடாது. நான்காம் வாரத்திலும் எட்டாம் வாரத்திலும் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட வேண்டும். பயிற்சி செய்யும்போது உடம்பு வலுவடைவதில்லை. பயிற்சியில் ஏற்பட்ட சிறு சிதைவுகளை ஓய்வின்போது சரிசெய்யும்போதுதான் வலுவடைகிறது. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வாக இருக்க வேண்டும் என்பதும், இரவில் ஏழு எட்டு மணி நேரத் தூக்கத்தைப் பயிற்சி நேரத்தின் ஒரு பகுதியாகவே எண்ண வேண்டும் என்பதும் இதனால்தான். காலை ஐந்து மணிக்குக் குளத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக ஐந்து மணி நேரமே தூங்குகிறவர், அந்த நீச்சலை விட்டுவிட்டுத் தூங்கினால் அதிக நன்மை பெறுவார். இரண்டு ஓட்டங்களை அடுத்தடுத்த நாட்களில் வைக்காமல், இடையில் நீச்சலையோ ஓய்வையோ வைத்துக்கொண்டால் கால் தப்பிக்கும்.

தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களைப்போன்ற வெக்கையான இடத்தில் பயிற்சி செய்கிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும்போது வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது; உடம்பு குளிர்வதில்லை; அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் வேகத்தைக் கணக்கில் கொள்ளாமல் நேரத்தை மட்டும் கணக்கில் கொண்டு ஓட வேண்டும். குளிர்சாதன ஜிம்மிலேயே முழுப் பயிற்சியும் செய்துவிட்டு வெயிலில் போட்டிக்குப் போவது ஆபத்து. உடல் வெப்பத்துக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும் என்பதால், கடைசி மூன்று வாரத்திலாவது போட்டி நடக்கும் அதே காலை நேரத்தில் வெளியே ஓட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயிற்சியில் தண்ணீரோடு உப்பும் போக வேண்டும். உப்புப் போட்ட மோரோ, உப்பும் சர்க்கரையும் சேர்த்த எலுமிச்சைச் சாறோ இதற்குப் போதுமானது. தலைசுற்றல், குளிர் நடுக்கம், வியர்வை நின்றுபோதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அந்தக் கணமே நிறுத்தி நிழலுக்குப் போய்விட வேண்டும்.

விட்டுப்போன நாட்களும் கடைசி இரண்டு வாரமும்

பன்னிரண்டு வாரமும் திட்டப்படியே நடப்பவர்கள் மிகச் சிலர். காய்ச்சல் வரும், வெளியூர்ப் பயணம் வரும், வீட்டில் விசேஷம் வரும். ஓரிரு நாள் விட்டுப்போனால் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த நாளுக்குரியதைச் செய்ய வேண்டும். விட்டதைச் சேர்த்து ஒரே நாளில் இரண்டு மடங்கு செய்வது காயத்தை அழைத்து வரும். ஒரு வாரம் முழுவதும் போய்விட்டால், முந்தைய வாரத்தின் அளவிலிருந்து மீண்டும் தொடங்கலாம். ஒரு வார ஓய்வில் பெரிதாக எதுவும் குறைந்துவிடாது. மூன்று வாரத்துக்கு மேல் போய்விட்டால், போட்டித் தேதியை மாற்றுவதோ சூப்பர் ஸ்பிரிண்ட் பிரிவுக்கு மாறுவதோ நியாயமான முடிவு. நெஞ்சில் சளியோ காய்ச்சலோ இருக்கும்போது பயிற்சி செய்யவே கூடாது.

பதினோராம் வாரத்தில் மொத்த நேரத்தை மூன்றில் ஒரு பங்கும், கடைசி வாரத்தில் பாதியும் குறைக்க வேண்டும். எத்தனை முறை என்பதைக் குறைக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் என்பதையே குறைக்க வேண்டும். நாற்பது நிமிட நீச்சல் இருபது நிமிடமாகும், தொண்ணூறு நிமிட சைக்கிள் நாற்பது நிமிடமாகும். இந்த வாரத்தில் பலருக்கும் பயிற்சி போதவில்லையோ என்ற பதற்றம் வருகிறது. கடைசிப் பத்து நாளில் செய்யும் கடும் பயிற்சியின் பலன் போட்டி முடிந்த பிறகுதான் வந்து சேரும்; அதன் களைப்பு மட்டும் போட்டியன்று கூடவே இருக்கும். ஆகவே அந்தப் பதற்றத்தை வேறு வேலைகளில் செலவிட வேண்டும்: டயரின் காற்றைப் பார்ப்பது, செயினுக்கு எண்ணெய் விடுவது, பஞ்சரான டியூபை மாற்றிப் பார்ப்பது, ஒரு விளையாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் டிரான்சிஷன் இடத்தில் பொருட்களை எந்த வரிசையில் வைப்பது என்று வீட்டு மொட்டை மாடியில் ஒரு துண்டை விரித்து ஒத்திகை பார்ப்பது. தலைக்கவசம் சைக்கிளின் மேல் திறந்தபடி, ஷூ நாடா தளர்த்தியபடி, சாக்ஸ் ஷூவுக்குள்ளே, பந்தய எண் பெல்ட் அதன்மேல் என்று வைத்துவிட்டு, ஈரக் கையோடு நான்கைந்து முறை போட்டுப் பார்த்தால் போட்டியன்று கை தானே வேலை செய்யும்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு முழு ஓய்வு. முந்திய நாள் பதினைந்து நிமிடம் சைக்கிள் ஓட்டி எல்லா கியரும் சரியாக விழுகின்றனவா என்று பார்த்து, பத்து நிமிடம் மெதுவாக ஓடினால் போதும். இரவு உணவு வழக்கமாக வீட்டில் சாப்பிடும் இட்லியோ சாதமோதான். புதிதாக எதையும் சோதித்துப் பார்க்கும் நாள் அதுவல்ல. போட்டியன்று தொடங்குவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே இலேசாகச் சாப்பிட்டுவிட்டு, நீச்சல் தொடங்குமிடத்தில் முன்வரிசையில் முண்டியடிக்காமல் பின்னால் ஓரமாக நின்று, மற்றவர்கள் போன பிறகு பத்து விநாடி கழித்து இறங்கினால், கை கால் படாத தெளிந்த நீர் கிடைக்கும்.